வண்டி நின்னா உடனே ‘டைரக்ட்’ பண்ணாதீங்க! காருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பட்டனின் கதை

ரமணாசிரமம் வாசலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும் என்பது திருவண்ணாமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஆசிரமத்திலிருந்து வெளியே வருகிற கூட்டம், சவாரிக்காகக் காத்திருக்கும் ஆட்டோக்கள், சைக்கிளில் வளைந்து வளைந்து போகும் வெளிநாட்டுக்காரர்கள், இளநீர் வண்டி, இவர்களுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பெங்களூரு பஸ்கள். அந்த நெரிசலில்தான் போன வருடம் எங்கள் கார் நின்றது.

செங்கத்தில் பாட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆசிரமத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் எங்கள் வீடு. இன்னும் 5 நிமிடம்தான். சாலையில் இருந்த ஒரு பள்ளத்தை அப்பா கவனிக்கவில்லை. ‘டம்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரம் உருண்டு இன்ஜின் அணைந்துவிட்டது.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. ஆனால், இன்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஹெட்லைட் எரிகிறது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. இரண்டு ஆட்டோ அண்ணன்கள் இறங்கி வந்து காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் போன் போட்டு ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்.

வந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. முன்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் குனிந்து, பக்கவாட்டுப் பலகைக்குள் கையை விட்டு எதையோ அழுத்தினார். “இப்போ போடுங்க சார்” என்றார். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு நம்பவே முடியவில்லை.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. அடுத்த வேகத்தடையில் மறுபடி நின்றது. மறுபடி அழுத்தினார். தெரு முனையில் மூன்றாவது முறை நின்றபோது அவரே சலித்துக்கொண்டார். “இது தொல்லை புடிச்ச ஸ்விட்ச் சார். டைரக்ட் பண்ணி விட்டுடறேன். இனிமே நிக்காது.”

இரண்டு வயர்களை உருவி, ஒன்றோடு ஒன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றினார். அவர் சொன்னது போலவே கார் அதன் பிறகு நிற்கவே இல்லை. எட்டு மாதம் ஓடியது. அம்மாவும் அப்பாவும் வாரா வாரம் செங்கத்துக்குப் போய் வந்தார்கள்.

அவர் முறுக்கிய அந்த இரண்டு வயர்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தன என்பது எனக்குத் தெரிந்தது எட்டு மாதம் கழித்துத்தான். அலுவலகத்தில் மழைக்கால கார் பராமரிப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அதற்காகக் கார் கையேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ‘எரிபொருள் துண்டிப்பு ஸ்விட்ச்’ என்று ஒரு பக்கம் கண்ணில் பட்டது. படித்து முடித்ததும் முதலில் அப்பாவுக்குத்தான் போன் செய்தேன்.

அந்தப் பட்டன் என்ன செய்கிறது?

இதன் பெயர் இனர்ஷியா ஸ்விட்ச். ‘இனர்ஷியா’ என்றால் நம் பள்ளிக்கூடத் தமிழில் நிலைமம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘இயக்க விதிகள்’ பாடத்தில் படித்தது ஞாபகம் இருக்கலாம். ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் திடீரென பிரேக் போட்டால் நாம் முன்னால் போய் விழுகிறோம் அல்லவா? பஸ் நின்றுவிட்டது, நம் உடம்பு மட்டும் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. அதுதான் நிலைமம்.

தீப்பெட்டி அளவை விடக் கொஞ்சம் பெரிய இந்த ஸ்விட்ச்சுக்குள் நடப்பதும் அதேதான். உள்ளே புனல் போன்ற ஒரு கிண்ணம். அதன் அடியில் ஓர் இரும்புக் குண்டு. அந்தக் குண்டைக் கீழே ஒரு காந்தம் பிடித்து வைத்திருக்கும். சாதாரணமாக வண்டி ஓட்டும்போது காந்தத்தின் பிடியை விட்டு குண்டு நகராது. கார் எதன் மீதாவது பலமாக மோதினால், கார் நின்றுவிடும், குண்டு நிற்காது. காந்தத்தின் பிடியை உதறிவிட்டு, புனலின் சரிவில் ஏறி, மேலே இருக்கும் ஒரு தகட்டை இடிக்கும். தகடு நகர்ந்ததும் மின் இணைப்பு துண்டிக்கப்படும். மேலே இருக்கும் பட்டன் எழும்பி நிற்கும். கிண்ணம் வட்டமாக இருப்பதால் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என எந்தத் திசையிலிருந்து இடி வந்தாலும் குண்டு ஓடும்.

துண்டிக்கப்படுவது பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் கரன்ட். பம்ப் நின்றால், டேங்கிலிருந்து இன்ஜினுக்கு பெட்ரோல் தள்ளப்படுவது நிற்கும். மோதலில் குழாய் எங்காவது அறுந்திருந்தால், அந்த ஓட்டை வழியாக பெட்ரோல் பீய்ச்சி அடிக்காது. காருக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இவ்வளவுதான் இதன் வேலை. சிப் கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது.

அம்பாசடருக்கு ஏன் இது தேவைப்படவில்லை?

“நாங்க ஓட்டின அம்பாசடர்ல இதெல்லாம் ஏது?” என்பது அப்பாவின் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து கார்பரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பை ஓட்டியது இன்ஜின்தான். இன்ஜின் சுழன்றால் பம்ப் வேலை செய்யும். மோதலில் இன்ஜின் அணைந்தால் பம்ப்பும் நின்றுவிடும். தனியாகத் துண்டிக்க எதுவும் இல்லை.

2000-ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, நம் ஊர் கார்கள் ஒவ்வொன்றாக எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறின. இந்த முறையில் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே ஒரு மின்சார பம்ப் உட்கார்ந்திருக்கும். அது பெட்ரோலை ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் முன்னால் தள்ளும். நம் கார் டயரில் நிரப்பும் காற்று 32 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 2.2 பார். டயரில் ஆணி குத்தினால் காற்று எப்படிச் சீறுகிறது என்று பார்த்திருப்பீர்கள். அதை விட அதிக அழுத்தத்தில், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சீறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைத் தடுக்க காரின் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வுக்கும் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இன்ஜின் சுற்றுவதற்கான சிக்னல் வரவில்லை என்றால், ஓரிரு நொடிகளில் அது பம்ப்பை நிறுத்திவிடும். ஆனால், மோதிய பிறகும் இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால்? பின்னாலிருந்து லாரி இடித்து, டேங்க் பக்கம் குழாய் பிளந்து, முன்னால் இன்ஜின் ஒன்றுமே நடக்காதது போல் ஓடினால்? அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்த இரும்புக் குண்டு.

யார் யார் காரில் இருக்கிறது?

இந்த ஸ்விட்ச்சைத் தன் கார்களில் பரவலாகப் பயன்படுத்திய நிறுவனம் ஃபோர்டு. சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகரைத் தாண்டித்தான் வருவோம். அங்கே இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் தயாராகி 1999-ல் வந்த ஐகான் காரை இன்றும் நம் சாலைகளில் பார்க்கலாம். அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டது. ஆனால், அங்கே செய்த கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபியட் நிறுவனமும் பேலியோ போன்ற கார்களில் இதே போன்ற ஸ்விட்ச்சை வைத்தது. ஜாகுவார், லேண்ட் ரோவர் போன்ற விலை உயர்ந்த கார்களின் பழைய மாடல்களிலும் உண்டு.

புதிய கார்களில் இதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஏனென்றால் வேலை இடம் மாறிவிட்டது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் டிரைவருக்கான ஏர்பேக் கட்டாயமானது. ஏர்பேக் விரிய வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய காரில் சென்சார்கள் இருக்கும். மோதலை உணர்ந்ததும் அதே ஏர்பேக் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப்பை நிறுத்தச் சொல்லியும் சிக்னல் அனுப்பும். பல கார்களில் கதவு லாக்கைத் திறந்துவிட்டு, நான்கு பக்க இண்டிகேட்டரையும் எரியவிடும். மின்சார கார்களில் பெட்ரோல் கிடையாது. அங்கே பேட்டரியின் உயர் அழுத்த மின்சாரம் துண்டிக்கப்படும். முறைகள் மாறலாம், நோக்கம் ஒன்றுதான்.

ஆகவே, இந்தக் கதை யாருக்கு முக்கியம்? பத்து, பதினைந்து வருடப் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு. 15 வருடம் முடிந்து எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்து, ‘இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்’ என்று பாசத்தோடு வைத்திருப்பவர்களுக்கு. சுருக்கமாகச் சொன்னால், என் அப்பா மாதிரி ஆட்களுக்கு.

பிரேக் போட்டால் ஏன் விழுவதில்லை?

எனக்கு வந்த அடுத்த சந்தேகம் இது. சடன் பிரேக் போட்டால் விழாத குண்டு, மோதினால் மட்டும் எப்படி விழுகிறது?

கொஞ்சம் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஓங்கி பிரேக் அடித்தால் நம் உடம்பு உணரும் விசை அதிகபட்சம் 1 ஜி, அதாவது புவியீர்ப்பு விசையின் அளவுதான். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு சுவரில் மோதி 0.1 நொடியில் நின்றால், அது உணரும் விசை சராசரியாகவே 14 ஜி வரும். இரண்டுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குத் தக்க காந்தத்தையும் குண்டையும் வடிவமைக்கிறார்கள். விசை எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் முக்கியம். பள்ளத்தில் விழும் அடி கண நேரத்தில் முடிந்துவிடும். அதனால் நல்ல நிலையில் உள்ள ஸ்விட்ச் சாதாரணப் பள்ளத்துக்கு விழாது.

அப்படியானால் எங்கள் கார் ஏன் மூன்று முறை நின்றது?

இதற்குப் பதில் தெரிந்துகொள்ள, ஊருக்குப் போய் வேறொரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டினேன். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வேலை தெரிந்த பெரியவர். டேப்பைப் பிரித்தார். தொங்கிக்கொண்டிருந்த ஸ்விட்ச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அது மாட்டியிருந்த பிராக்கெட்டை ஆட்டிக் காட்டினார். இரண்டு ஸ்க்ரூக்களில் ஒன்றைக் காணவில்லை. இன்னொன்று லூஸ்.

“ஸ்விட்ச்சு மேல தப்பே இல்லம்மா. ஆடுற பலகை மேல அதை வெச்சா அது என்ன பண்ணும்?” என்றார்.

விஷயம் இதுதான். ஸ்விட்ச் காரின் உடம்போடு இறுக்கமாக இருந்தால், காருக்கு என்ன விசையோ அதுதான் ஸ்விட்ச்சுக்கும். பிராக்கெட் லூஸாக இருந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது தனியாக ஆடி, எங்காவது இடித்துக்கொள்ளும். சின்னப் பள்ளம்கூட அதற்கு விபத்தாகத் தெரியும். எப்போதோ ஏதோ வேலைக்காக அந்தப் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றியவர், ஒரு ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார். அந்த ஒரு ஸ்க்ரூவுக்காக, எட்டு மாதம் எங்கள் காரில் இந்தப் பாதுகாப்பே இல்லாமல் இருந்திருக்கிறது.

அடிக்கடி இது விழுந்தால் பார்க்க வேண்டியவை மூன்று: பிராக்கெட் இறுக்கமாக இருக்கிறதா, கனெக்டரில் பச்சை பூத்துத் துரு பிடித்திருக்கிறதா, ஸ்விட்ச் பழசாகிவிட்டதா. மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. ‘டைரக்ட்’ அதில் ஒன்று அல்ல.

“எட்டு மாசமா நல்லாத்தானே ஓடுது?”

அப்பா இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த ஸ்விட்ச்சின் சிக்கலே இதுதான். அது இல்லாமலும் கார் நன்றாகவே ஓடும். இருந்தால் எப்போதாவது தொல்லை தரும். அதன் அருமை தெரிய வேண்டிய நாள் ஒன்றே ஒன்றுதான். அந்த நாள் வந்த பிறகு மாட்ட முடியாது.

திருவண்ணாமலையிலிருந்து செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் சாலையை இந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெங்களூருவிலிருந்து வருகிற பக்தர்கள், லாரிகள், அரசு பஸ்கள், டிராக்டர்கள் எல்லாம் அதே சாலையில்தான். 2023 அக்டோபரில் செங்கம் அருகே சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து நடந்த இரண்டு விபத்துகளை ஊர் இன்னும் மறக்கவில்லை. அப்பாவும்தான். நான் அதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “சரி, என்ன பண்ணணுமோ பண்ணு” என்றார்.

அழுத்துவதற்கு முன் மோந்து பாருங்கள்

உங்கள் காரில் இந்த ஸ்விட்ச் இருந்து, அது விழுந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும், பின்சீட் பக்கம் இரண்டு நொடிக்கு ‘உய்ங்’ என்று மெல்லிய சத்தம் வரும். அது பம்ப் வேலை செய்யும் சத்தம். அந்தச் சத்தம் இல்லாமல், ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றி, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் ஸ்விட்ச் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. பார்க்கிங்கில் நிற்கும்போது வேறு வண்டி வந்து இடித்துவிட்டுப் போனால்கூட விழுந்திருக்கலாம்.

ஸ்விட்ச் இருக்கும் இடம் காருக்குக் கார் மாறும். முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில், சீட்டுக்கு அடியில், சில கார்களில் டிக்கிக்குள். உங்கள் கார் கையேட்டில் இடம் படத்தோடு இருக்கும்.

ரீசெட் செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். வரிசைதான் இதில் முக்கியம்.

1. முதலில் சாவியை ‘ஆஃப்’ செய்யுங்கள்.

2. கீழே இறங்கி, பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள். காருக்கு அடியில், டேங்க் பக்கம், பானெட்டுக்குள் ஈரமோ சொட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். வாடையோ கசிவோ இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டனைத் தொட வேண்டாம். எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வைத்துவிட்டு, வண்டியை ‘டோ’ செய்ய ஆள் கூப்பிடுங்கள்.

3. கசிவு இல்லை என்று உறுதியானால் மட்டும் பட்டனை அழுத்துங்கள். ‘க்ளிக்’ என்று உட்காரும்.

4. சாவியைச் சில நொடிகள் ‘ஆன்’ செய்து, மறுபடி ‘ஆஃப்’ செய்யுங்கள். இப்போது குழாயில் அழுத்தம் ஏறியிருக்கும். மறுபடி ஒருமுறை இறங்கி, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

5. அதன் பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

அன்று ஆசிரமத்து வாசலில் நாங்கள் இதில் எதையுமே செய்யவில்லை. நேராகப் பட்டனை அழுத்தினோம். அதுவும் மூன்று முறை. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. மேலே பறந்து போகாது. தரையோடு தரையாகப் பரவும். மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கப் போதுமான ஆவி அதிலிருந்து கிளம்பும் என்றால், நம் ஊர் வெயிலுக்குக் கேட்க வேண்டுமா? பஞ்ச பூதத் தலங்களில் இது அக்னித் தலம். சாலையோரச் சந்நிதிகளில் கற்பூரமும் அகல் விளக்கும் தரையிலேயே எரிந்துகொண்டிருக்கும். எங்கள் நல்ல நேரம், அன்று எந்தக் குழாயும் உடைந்திருக்கவில்லை.

ரேஸ் காரில் என்ன செய்கிறார்கள்?

மோதலும் தீயும் அன்றாடக் கவலையாக இருக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது கார் ரேஸ். நம் தமிழ்நாட்டுக்கு அதில் நீண்ட வரலாறு இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முதலில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் அமைத்தது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் என ஃபார்முலா ஒன் வரை போன இந்தியர்கள் இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள்தான்.

ரேஸ் கார்களில் இனர்ஷியா ஸ்விட்ச் வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. டிராக்கின் ஓரத் திண்டில் ஏறி இறங்குவதும், ராலியில் மேட்டிலிருந்து பறந்து விழுவதும் அங்கே சகஜம். ஒவ்வொரு முறையும் குண்டு விழுந்தால் ரேஸே போய்விடும். வேகமாகப் போகும்போது நடு டிராக்கில் இன்ஜின் நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்து. அதனால் சர்வதேச விதிகள் வேறு வழியில் போகின்றன. இன்ஜின் ஓடும்போதும் ஸ்டார்ட் ஆகும்போதும் மட்டுமே பம்ப் ஓட வேண்டும் என்பது ஒரு விதி. இன்ஜின் உட்பட எல்லா மின் இணைப்பையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் ‘கில் ஸ்விட்ச்’ இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் டிரைவர் உள்ளிருந்தும் அதை இயக்க முடிய வேண்டும். ஓடி வரும் உதவியாளர் வெளியிலிருந்தும் இயக்க முடிய வேண்டும். நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் குறி போட்ட ஸ்டிக்கரை ரேஸ் கார்களில் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்விட்ச் இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளம்தான் அது.

சாதாரண காரை ராலிக்குத் தயார் செய்கிறவர்கள், ஏற்கெனவே உள்ள இனர்ஷியா ஸ்விட்ச்சை வெறுமனே பிடுங்கிப் போடுவதில்லை. அது செய்த வேலையை இந்த ஏற்பாடுகளிடம் ஒப்படைத்த பிறகே எடுக்கிறார்கள். ரேஸில் ஆட்கள் இருக்கிறார்கள், தீயணைப்புக் கருவி இருக்கிறது, டிரைவர் தீ தாங்கும் உடை போட்டிருக்கிறார். செங்கம் சாலையில் நமக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இவ்வளவும் இருந்தும் ஸ்விட்ச்சால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது என்பதற்கும் ரேஸ் உலகமே சாட்சி. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரொமேன் குரோஷானின் ஃபார்முலா ஒன் கார் 192 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. எரிபொருள் டேங்கின் இணைப்பே பிய்ந்துபோனதால் பெரும் தீ. 27 நொடிகள் தீக்குள் இருந்து, கைகளில் தீக்காயத்தோடு அவர் வெளியே வந்தார். பம்ப்பை நிறுத்தலாம், டேங்கே கிழிந்தால் உள்ளே இருக்கும் பெட்ரோலை எந்த ஸ்விட்ச்சும் தடுக்காது. நம் காரிலும் அப்படித்தான். இது ஓர் ஆபத்தைக் குறைக்கிறது. அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

புதிதாக மாட்ட முடியுமா?

முடியும். பழைய கார்பரேட்டர் காரில் மின்சார பம்ப் மாட்டியவர்கள், பழைய காருக்கு வேறு இன்ஜின் போட்டவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் இது. அப்படி மாற்றிய கார்களில் சாவியைத் திருப்பினாலே பம்ப் ஓடுவது போல் வயரிங் செய்திருப்பார்கள். இ.சி.யூ. இல்லாத வண்டியில், இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்.

வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நல்லது. ஆனால், அவர் செய்வது சரியா என்று பார்க்க நமக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

* ஸ்விட்ச் நேராக நிமிர்ந்து, பட்டன் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். சாய்த்தோ தலைகீழாகவோ மாட்டினால் குண்டின் கணக்கு தப்பிவிடும்.
* காரின் கெட்டியான உடல் பகுதியில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பம்பர், கதவு, இன்ஜின், மெல்லிய தகடு, பிளாஸ்டிக் பலகை ஆகியவற்றில் கூடாது. இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுவது வேண்டவே வேண்டாம்.
* தண்ணீரும் இன்ஜின் சூடும் படாத இடமாக, டிரைவர் கைக்கு எட்டுகிற இடமாக இருக்க வேண்டும்.
* இதில் வழக்கமாக மூன்று முனைகள் இருக்கும். பம்ப் வயரை, சாதாரண நேரத்தில் இணைந்தே இருக்கும் முனையில் கொடுக்க வேண்டும். மோதும்போது மட்டும் இணையும் மூன்றாவது முனையில் ஒரு எச்சரிக்கை விளக்கை இணைத்துக்கொள்ளலாம்.
* வயரை முறுக்கி டேப் ஒட்டாமல், சரியான கனெக்டர் போட வேண்டும். பம்ப்புக்கு உரிய ஃபியூஸ் இருக்க வேண்டும்.
* மாட்டுவதற்கு முன் ஸ்விட்ச்சைக் கையில் பிடித்து உள்ளங்கையில் ஓங்கித் தட்டிப் பாருங்கள். பட்டன் எழ வேண்டும். மாட்டிய பிறகு, பட்டன் எழுந்த நிலையில் பம்ப் சத்தம் வரவே கூடாது.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய ஸ்விட்ச் கிடைக்கும். ஆனால், அது எந்தக் காரிலிருந்து, எப்படிக் கழற்றப்பட்டது என்று நமக்குத் தெரியாது. உயிர் காக்கும் பொருளைப் புதிதாக வாங்குவதே நல்லது. இன்ஜினே பம்ப்பை ஓட்டும் பழைய கார்களுக்கு இது தேவையில்லை. ஏர்பேக் உள்ள புதிய கார்களில் இந்த வேலையை காரே செய்துவிடும். அந்த வயரிங்கில் கை வைத்தால் வாரண்டிக்கும் சிக்கல் வரலாம். டீசல் கார்களின் அமைப்பு வேறு. சர்வீஸ் சென்டரில் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம்.

வழியில் ஒரு விபத்தைப் பார்த்தால்...

சாலையில் விபத்தான காருக்கு உதவ ஓடுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ளலாம். உள்ளே இருப்பவர்களிடம் பேசிக்கொண்டே முதலில் சாவியை ‘ஆஃப்’ செய்யுங்கள். ஸ்விட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்ப் நின்றுவிடும். சுற்றி யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

எங்கள் காரில் அந்தப் பெரியவர் புது ஸ்விட்ச் மாட்டி, இரண்டு ஸ்க்ரூக்களையும் இறுக்கிக் கொடுத்தார். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா காரை எடுத்துக்கொண்டு செங்கம் வரைக்கும் கூட்டிப் போனார். அதே பள்ளம், அதே வேகத்தடை. ஒருமுறைகூட நிற்கவில்லை.

திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது, ஏதோ எடுக்க டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு சீட்டு இருந்தது. அப்பாவின் கையெழுத்து. ‘வண்டி நின்னா: 1. சாவி ஆஃப். 2. மோந்து பார். 3. அடியில் பார். 4. அப்புறம்தான் பட்டன்.’ அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: ‘5. முதல்ல எங்களை இறக்கி விடவும்.’

அம்மா சொன்னதுதான் சரி. அதை ஒன்றாம் நம்பராகப் போட்டிருக்க வேண்டும்.